தவணையில் கேமிங் லேப்டாப்பா, வீட்டிலிருக்கும் பழைய டெஸ்க்டாப்பா?

கேள்வி: கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். புரோகிராமிங் கற்க ஆசை. கையில் மூன்று மாதச் செலவுக்கான சேமிப்பு மட்டும் இருக்கிறது. 12 மாத 'வட்டியில்லாத் தவணை'யில் கிராபிக்ஸ் கார்டு உள்ள கேமிங் லேப்டாப் வாங்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். மேக்புக்தான் நீடித்து உழைக்கும் என்கிறார் இன்னொருவர். வீட்டில் 6-ம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜி.பி. ரேம், ஹார்ட் டிஸ்க் உள்ள டெஸ்க்டாப் ஒன்று கிடக்கிறது. விண்டோஸ் 10 திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. எதை வாங்குவது? பைத்தான், ஜாவா, சி++ மூன்றில் எதில் தொடங்குவது?

பதில்: கேள்வியைக் கடைசியிலிருந்து எடுத்துக்கொள்வோம். எந்த மொழி என்று முடிவானால்தான் எந்த ஓ.எஸ். (விண்டோஸ் போல கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருள்) தேவை என்பது தெரியும். அது தெரிந்த பிறகுதான் இயந்திரம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, பணம் முழுவதையும் முதல் நாளே இயந்திரத்தில் போட்டுவிடுகிறார்கள்.

நீங்கள் கேட்ட மூன்று மொழிகளுமே இலவசம். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு என் தேர்வு பைத்தான். எக்செல் கோப்புகளைப் படிக்க, ஒப்பிட, தொகுக்க பாண்டாஸ், ஓபன்பைஎக்ஸ்எல் போன்ற இலவச லைப்ரரிகள் (எடுத்துப் பயன்படுத்தத் தயாராக எழுதி வைத்த நிரல் தொகுப்புகள்) உண்டு. மாதக் கடைசியில் கையால் சரிபார்க்கும் இரண்டு பட்டியல்களை ஒரு சிறு நிரலால் ஒப்பிட்டுவிட்டால், படிப்புக்கான பலன் அலுவலக மேசையிலேயே தெரிந்துவிடும். சி++-ல் மெமரி நிர்வாகம், பாயின்டர் என்று ஆரம்பத்திலேயே மல்லுக்கட்ட வேண்டும். உங்கள் தேவைக்கு அது சுற்றுவழி. ஜாவா பெரிய நிறுவன மென்பொருள்களில் பரவலாக இருக்கிறது, ஆனால் சின்ன வேலைக்கும் நிறைய எழுத வைக்கும். இணையப் பக்கம் செய்யும் ஆசை வந்தால் ஜாவாஸ்கிரிப்ட் போதும்; பிரவுசரே அதை இயக்கிவிடும்.

இந்த மொழிகள் எதையும் கற்க கிராபிக்ஸ் கார்டு வேண்டியதில்லை. மெஷின் லேர்னிங் பக்கம் போனாலும், தொடக்கப் பயிற்சிகளை, கூகுளின் கணினிகளில் நிரலை ஓட்டித் தரும் கூகுள் கோலாபில் பிரவுசர் வழியாகவே ஓட்டலாம். கேமிங் லேப்டாப்பில் நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி அந்த கார்டுக்கும் அதன் சூட்டைத் தணிக்கும் அமைப்புக்கும்தான் போகிறது. எடையும் கூடும், பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். நிஜமாகவே கேம் ஆடத்தான் வேண்டும் என்றால் அது பொழுதுபோக்குச் செலவு. படிப்புக் கணக்கில் எழுதாதீர்கள்.

இனி அந்த 'வட்டியில்லா' தவணை. லேப்டாப்பின் விலை 100 என்று வையுங்கள். ரொக்கமாக வாங்கினால் 5 தள்ளுபடி. தவணைக்குப் போனால் தள்ளுபடி கிடையாது, செயலாக்கக் கட்டணம் 2. அதாவது 95-க்குக் கிடைக்கும் பொருளுக்கு 102 கட்டுகிறீர்கள். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால், இந்த 7 என்பது ஆண்டுக்கு 13 சதவீதத்துக்கும் மேற்பட்ட வட்டிக்குச் சமம். கடைக்காரர் சொல்லும் எண்களைப் போட்டு நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். ரொக்க விலை என்ன என்று கேட்காமல் தவணை பேசக் கூடாது. மூன்று மாதச் சேமிப்பு என்பது அவசர நிதி. அதில் கை வைப்பதும், தவணை தவறினால் அதிலிருந்து கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பதும் ஒன்றுதான்.

மேக்புக் நீடித்து உழைக்கும் என்பதில் உண்மை இருக்கிறது. விலை 110, ஆறு ஆண்டு பயன்பாடு, கடைசியில் 30-க்கு விற்பனை என்று வைத்தால் மாதச் செலவு 1.1. நூறுக்கு வாங்கி நான்கு ஆண்டில் 25-க்கு விற்கும் கேமிங் லேப்டாப்புக்கு அது 1.56. ஆனால் இந்தக் கணக்கு ஆறு ஆண்டும் விடாமல் பயன்படுத்துபவருக்குத்தான். ஆறே மாதத்தில் ஆர்வம் வடிந்தால் விலை கூடிய பொருளில்தான் இழப்பும் கூடும். ஐஃபோன் செயலி செய்ய வேண்டும் என்றால் மட்டும் பேச்சே வேறு: அதை உருவாக்கும் ஆப்பிளின் எக்ஸ்கோட் மென்பொருள் மேக்கில்தான் ஓடும். இப்போதைய மேக்புக்குகளில் ரேமைப் பிறகு கூட்ட முடியாது என்பதால் வாங்கும்போதே 16 ஜி.பி. பாருங்கள். பழையது வாங்குவதானால் இன்டெல் சிப் உள்ளவற்றைத் தொடாதீர்கள். மேக்ஓஎஸ் 26-தான் அவற்றுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டது.

ஆகவே என் பதில்: இப்போதைக்கு லேப்டாப் எதுவும் வேண்டாம். அந்த டெஸ்க்டாப்பைத் தூசி தட்டுங்கள்.

விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும், இன்டெலில் 8-ம் தலைமுறையாவதும் கேட்கிறது, உங்களுடையது தேறாது. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற ஓ.எஸ். போடலாம், காசு கிடையாது, பைத்தானும் அதனுடனேயே வரும். அது பரிந்துரைக்கும் ரேம் 4 ஜி.பி.; பிரவுசரில் பத்துப் பக்கம் திறந்து வைப்பவருக்கு 8 இருந்தால் நிம்மதி.

செலவு செய்ய வேண்டிய முதல் பொருள் 240 அல்லது 256 ஜி.பி. உள்ள 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க்கின் இடத்தில் போடும் வேகமான சேமிப்பு). ஐந்து நிமிடத் தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் ஹார்ட் டிஸ்க்தான். டெஸ்க்டாப் என்பதால் சாட்டா டேட்டா கேபிள் ஒன்று தனியாகத் தேவைப்படலாம். அதை மறந்துவிட்டு மறுபடி கடைக்கு அலைபவர்கள் அநேகம். பிறகு இயந்திரத்தை விற்றாலும் எஸ்.எஸ்.டி.யை யு.எஸ்.பி. உறையில் போட்டு வெளிச் சேமிப்பாக வைத்துக்கொள்ளலாம். ரேம் அப்படியில்லை, டெஸ்க்டாப் ரேம் லேப்டாப்பில் பொருந்தாது. அதனால் ரேமைப் பயன்படுத்தியதாகவே வாங்குங்கள். அதற்கு முன் கேஸைத் திறந்து, இருக்கும் ரேமின் ஸ்டிக்கரைப் படியுங்கள். 6-ம் தலைமுறை போர்டுகளில் டி.டி.ஆர்.3 வகையும் உண்டு, டி.டி.ஆர்.4-ம் உண்டு, ஒன்றின் வெட்டு மற்றதன் ஸ்லாட்டில் உட்காராது.

மின்ட் போடும் முன் பழைய டிஸ்க்கிலுள்ள படங்களையும் ஆவணங்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள், தவறுதலாக அழியாது. 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் மின்ட்டை எழுதி (அதில் உள்ளது எல்லாம் போய்விடும்), நிறுவாமலேயே அதிலிருந்து ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, திரை வேலை செய்கிறதா என்பது அங்கேயே தெரியும். வைஃபை டாங்கிள் பிடிபடாவிட்டால் ஃபோனை யு.எஸ்.பி.யில் இணைத்து டெதரிங் கொடுத்து (ஃபோனின் இணையத்தைக் கணினிக்குப் பகிர்ந்து), டாங்கிளை இயக்கும் டிரைவர் மென்பொருளை இறக்கலாம். மின்ட்டின் புதிய பதிப்புகளில், லைப்ரரிகளை நிறுவும் பைத்தானின் பிப் என்ற கருவி நேரடியாக எதையும் நிறுவ மறுக்கும். கோளாறு அல்ல, சிஸ்டத்தின் சொந்தப் பைத்தானைக் காக்கும் ஏற்பாடு. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (சிஸ்டத்தைத் தொடாத தனிப் பைத்தான் இடம்) உருவாக்கி அதற்குள் நிறுவுங்கள்.

லேப்டாப்புக்கென மாதாமாதம் கட்டவிருந்த தவணைத் தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வாருங்கள். ஆறு மாதம் கழித்தும் வாரத்துக்கு நான்கைந்து நாள் உட்கார்ந்து எழுதுகிறீர்கள் என்றால் ரீஃபர்பிஷ்டு (பயன்படுத்தியதைச் சரிபார்த்து மறுபடி விற்கும்) அலுவலக லேப்டாப் ஒன்று பாருங்கள்: இன்டெல் 8-ம் தலைமுறைக்குக் குறையாதது, 8 ஜி.பி. ரேம், 16 வரை கூட்டக் காலி ஸ்லாட். சேமிப்பு இ.எம்.எம்.சி. என்றிருந்தால் விட்டுவிடுங்கள்; மெதுவானது, போர்டோடு ஒட்டியது, மாற்றவும் முடியாது. பணம் கொடுக்கும் முன் பயாஸ் (ஓ.எஸ். தொடங்கும் முன் ஓடும் அடிப்படை அமைப்பு) பாஸ்வேர்டு இருக்கிறதா, முந்தைய நிறுவனத்தின் நிர்வாகப் பூட்டு நீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸின் பேட்டரி ரிப்போர்ட்டையும் எடுக்கச் சொல்லுங்கள். வடிவமைப்புத் திறன் 50 வாட்-மணி, இப்போதைய முழுச் சார்ஜ் 28 என்று காட்டினால் அது 56 சதவீத பேட்டரி; புது பேட்டரியின் விலையைக் கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.