சிறார் வழக்குகள்: கேள்வி பதில்

பையனின் பெயர், பள்ளி, ஊர் எதையும் கேள்வியில் எழுதாதீர்கள். அடையாளத்தை வெளியிடுவது இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74-இன் கீழ் குற்றம்.

மேடம், அக்கா மகனுக்கு 16 வயது. அடிதடின்னு நேத்து ராத்திரி ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, இன்னும் விடலை.

வயதுச் சான்றோடு உடனே ஸ்டேஷனுக்குப் போங்கள். பிரிவு 94-இன்படி பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழ். அது இல்லையென்றால் மாநகராட்சியோ ஊராட்சியோ தந்த பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால்தான் எலும்புச் சோதனை. ஆதார் இந்த வரிசையிலேயே இல்லை. ஆனால் பலர் அதை மட்டும்தான் எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். லாக்கப்பில் வைக்கக் கூடாது, விலங்கு மாட்டக் கூடாது. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமம் (சிறார் வழக்குகளை விசாரிக்கும் அமைப்பு) முன் நிறுத்த வேண்டும். பெரியவர்களோடு சேர்த்துப் பிடித்திருந்தால் கூடுதல் கவனம் தேவை: வயதை 19 என்று எழுதி மாஜிஸ்திரேட்டிடம் அனுப்பிவிடும் ஆபத்து அங்கேதான். அப்படிப் போயிருந்தாலும் வழக்கின் எந்தக் கட்டத்திலும் வயதைக் கிளப்பலாம்.

வக்கீல் வைக்க வசதியில்லை.

இலவச வக்கீல் பெறச் சிறாருக்கு வருமான வரம்பே கிடையாது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், அல்லது 15100-க்கு அழையுங்கள். குழுமத்திடமே நேரில் கேட்டாலும் வக்கீல் தர ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஜாமீன் கொடுத்துட்டாங்க, சூரிட்டி கிடைக்கல. பையன் கூர்நோக்கு இல்லத்திலேயே (விசாரணை முடியும்வரை சிறாரை வைக்கிற இடம்) இருக்கான்.

ஏழு நாளில் நிபந்தனையை நிறைவேற்ற முடியாவிட்டால், அதைத் தளர்த்துவதற்காகக் குழுமம் முன் மறுபடி நிறுத்தியாக வேண்டும்: பிரிவு 12(4). சூரிட்டி இல்லாமலும் விடலாம். எட்டாம் நாளே வக்கீலிடம் நினைவூட்டுங்கள். கேட்க ஆளில்லாத பிள்ளைகள்தான் மாதக்கணக்கில் கிடக்கிறார்கள்.

நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வரப்போறார். அப்பா குடிக்கிறதை மறைக்கலாமா சார்?

வேண்டாம். (சார் இல்லை, மேடம்!) அவர் பள்ளியிலும் அக்கம்பக்கத்திலும் விசாரிப்பார். உங்கள் பேச்சும் அவர்கள் பேச்சும் ஒத்துப்போகாவிட்டால், அவர் குழுமத்துக்குத் தரும் அறிக்கை முழுக்கச் சந்தேகத்தோடு எழுதப்படும். குற்றம் பெரியது என்பதற்காக மட்டும் ஜாமீனை மறுக்க முடியாது. குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே உடலாலோ மனத்தாலோ ஒழுக்கத்தாலோ ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும் என்ற மூன்றில் ஒன்று இருந்தால்தான் மறுக்கலாம். இந்த மூன்றுக்கும் பதிலைத் தாளில் கொடுங்கள். தெருப் பசங்களிடமிருந்து விலக்கி வைக்க மாமா வீடு என்றால் மாமாவின் சம்மதக் கடிதம், முகவரிச் சான்று. பள்ளியில் மறுபடி சேர்ப்பதென்றால் தலைமையாசிரியர் கடிதம், தொழிற்கல்வி என்றால் ஐடிஐ விண்ணப்ப நகல். போதைப் பழக்கம் இருந்தால் சிகிச்சைக்குப் பதிந்த சீட்டு. 'இனிமே ஒழுங்கா இருப்பான்' என்று அம்மா அழுவதை விட ஒரு ஐடிஐ விண்ணப்பத்துக்கு எடை அதிகம். அறிக்கைக்கு இரண்டு வாரம்தான் அவகாசம், அவர் வருவதற்கு முன்பே இதையெல்லாம் சேர்த்து வையுங்கள்.

17 வயசு, கொலை முயற்சி வழக்கு. பெரியவங்க மாதிரி விசாரிப்பாங்களா?

மாட்டார்கள். குறைந்தபட்சத் தண்டனையே 7 ஆண்டோ அதற்கு மேலோ உள்ள கொடுங்குற்றத்துக்கு மட்டும்தான், அதுவும் 16 முடிந்தவர்களுக்குத்தான் பெரியவர் போல் விசாரிக்கலாமா என்று குழுமம் பார்க்கும் முதற்கட்ட மதிப்பீடு. கொலை முயற்சிக்குச் சட்டம் குறைந்தபட்சம் எதுவும் சொல்லவில்லை. உச்ச நீதிமன்றம் 2020-இல் ஷில்பா மிட்டல் வழக்கில் இதைத் தெளிவாக்கிவிட்டது. கொலைப் பிரிவும் சேர்ந்திருந்தால் கதை வேறு, உடனே வக்கீலைப் பாருங்கள்.

பின்னாடி அரசு வேலைக்குத் தடையா?

குழுமமே விசாரித்து முடித்த வழக்கால் தகுதியிழப்பு வராது, பிரிவு 24. குழுமத்தின் உத்தரவு நகலைப் பத்திரமாக வைத்திருங்கள். போலீஸ் சரிபார்ப்பின்போது கேள்வி வந்தால் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுத்தில் பதில் கொடுங்கள்.