ஏறியது, இறங்கியது, அப்படியே இருந்தது: வரைபட ஆங்கிலம் கேள்வி பதில்

ஆய்வேடுகளுக்கு ஆங்கிலம் திருத்துவது என் பிழைப்பு. அட்டவணை, வரைபடத்தை விவரிக்கும் சொற்களைப் பற்றி மட்டும் கேளுங்கள் என்றிருந்தேன். ஓரளவு கேட்டீர்கள்.

'இன்க்ரீஸ்ட் டு', 'இன்க்ரீஸ்ட் பை' எப்போது எது? கைடு ஒவ்வொரு முறையும் சுழிக்கிறார். (முனைவர் பட்ட மாணவி)

தமிழில் இந்தக் குழப்பமே நமக்கு வராது. '80 ஆக உயர்ந்தது' வேறு, '80 உயர்ந்தது' வேறு. அந்த 'ஆக' செய்கிற வேலைதான் 'டு'. போய்ச் சேர்ந்த இடத்துக்கு 'டு', ஏறிய தூரத்துக்கு 'பை'.

நம் கணக்கையே எடுங்கள். தமிழ்நாட்டின் எழுத்தறிவு 2001 கணக்கெடுப்பில் 73.45 சதவீதம், 2011இல் 80.09. 'ரோஸ் டு 80.09 பர்சன்ட்' சரி. ஏறிய தூரம் 6.64. இங்கேதான் பள்ளம்: 'ரோஸ் பை 6.64 பர்சன்ட்' என்று எழுதினால் தப்பு. ஒரு சதவீதத்திலிருந்து இன்னொரு சதவீதத்தைக் கழித்தால் வருவது 'பர்சன்டேஜ் பாயின்ட்ஸ்'. 73.45க்கு 6.64 என்பது சுமார் 9 சதவீதம். ஆக, 'பை 6.64 பர்சன்டேஜ் பாயின்ட்ஸ்' என்றோ 'பை அபௌட் 9 பர்சன்ட்' என்றோ எழுதலாம். இரண்டையும் கலந்தால்தான் வினை.

இன்னொன்று. 'இன்க்ரீஸ்' பெயர்ச்சொல்லாக வந்தால் தூரத்துக்கு 'ஆஃப்', எது ஏறியதோ அதற்கு 'இன்': 'அன் இன்க்ரீஸ் ஆஃப் 6.64 பாயின்ட்ஸ் இன் லிட்டரசி'.

ஐஇஎல்டிஎஸ் எழுதப்போகிறேன் அக்கா. 52 என்பது 55 ஆனால் 'ரோஸ்' என்றே எழுதுகிறேன். 'ஸ்கைராக்கெட்டட்' போட்டால் மார்க் கூடுமா? (செவிலியர்)

52 என்பது 55 ஆனதற்கா? அது தீபாவளி ராக்கெட் இல்லை தங்கச்சி, ஊதுவத்தி. 'எட்ஜ்ட் அப்' போதும். வரைபடத்தை விவரிக்கும் அந்தக் கேள்விக்கு 20 நிமிடம், 150 சொல். அதற்குள் பொருந்தாத சொல்லைப் போட்டால் பளிச்சென்று தெரியும். 'லெவல்ட் ஆஃப்' என்றால் ஏறியோ இறங்கியோ வந்து பிறகு சமமானது. முதலிலிருந்தே சமமாக இருந்தால் 'ரிமெய்ன்ட் ஸ்டேபிள்'. ஒரே ஒரு முறை சரிந்ததற்கு 'ஃப்ளக்சுவேட்டட்' போடாதீர்கள், பலமுறை மேலும் கீழும் போக வேண்டும். எந்தச் சொல்லைப் போட்டாலும் பக்கத்தில் எண் இருக்கட்டும்.

'சிக்னிஃபிகன்ட்லி ஹையர் யீல்ட்' என்று எழுதினேன். பி வேல்யூ எங்கே என்கிறார் ரிவ்யூவர். (வேளாண் மாணவர்)

நியாயமாகத்தான் கேட்கிறார். ஆய்வுக் கட்டுரையில் அந்தச் சொல் புள்ளியியல்காரர்களுக்குச் சொந்தம்: வித்தியாசம் தற்செயலாக வந்திருக்குமா என்று சோதித்த பிறகே போடுவார்கள், அந்தச் சோதனை தரும் எண்தான் பி வேல்யூ. சோதனை செய்யாமல் 'நிறைய' என்று மட்டும் சொல்ல வந்தால் 'மார்க்கட்லி', 'சப்ஸ்டான்ஷலி'. கூடவே எண். மறுபக்கமும் உண்டு: மாதிரிகள் ஏராளமாக இருந்தால் அற்ப வித்தியாசம்கூட சிக்னிஃபிகன்ட் ஆகிவிடும். அதைப் பெரிய வித்தியாசம் என்று எழுதிவிடாதீர்கள்.

'டேட்டா இஸ்' ஆ, 'டேட்டா ஆர்' ஆ?

லத்தீனில் 'டேட்டம்' ஒருமை, 'டேட்டா' பன்மை. ஆய்விதழ்கள் பலவற்றில் 'ஆர்'. கார்டியன் நாளிதழ் 'இஸ்'. ஒன்றைப் பிடித்தால் கடைசிவரை விடாதீர்கள்.

இவ்வளவுதான் சொன்னேன். ஒருவர், "அஜெண்டாவும் லத்தீன் பன்மைதான், 'அஜெண்டா ஆர்' என்கிறோமா?" என்றார். இன்னொருவர், "அப்படியானால் 'க்ரைட்டீரியா இஸ்' என்று எழுதுவீர்களா?" என்று பாய்ந்தார். அது கிரேக்கம் என்று மூன்றாமவர். பிறகு 'தரவு' ஒருமையா, 'தரவுகள்' என்பது தமிழா என்று போய், தொல்காப்பியத்தைத் தொடுவதற்குள் நான் குறுக்கே விழுந்தேன். அஜெண்டாக்காரர் சொல்வதில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் கட்டுரையை ஏற்பவர் அவரில்லை. உங்கள் இதழின் விதியைப் பாருங்கள்.

டு, பை வித்தியாசம் சொல்ல முடியுமா மேடம்?

மேலே.

ஜிஎஸ்டி 12இலிருந்து 18 ஆனால் '6 பர்சன்ட் இன்க்ரீஸ்' தானே?

மேலே என்று சொன்னேனே! 6 பாயின்ட். சதவீதக் கணக்கில் 50.

மனப்பாடம் செய்ய ஒரு பட்டியல் தாருங்கள்.

மொழியியலாளர் அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் வெளியிட்ட அகடமிக் வேர்ட் லிஸ்டில், அதாவது கல்வி எழுத்தில் அடிக்கடி வரும் சொற்களின் பட்டியலில், 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்தவையும் சேர்ந்து ஒரு குடும்பம்) இருக்கின்றன. 'ப்ரொபோர்ஷன்', 'ஃப்ளக்சுவேட்' எல்லாம் உண்டு. ஆனால் எந்தச் சொல்லுக்குப் பின்னால் 'அட்', எதற்கு 'ஆஃப்' என்று பட்டியல் சொல்லாது. உங்கள் துறையில் பத்துக் கட்டுரை எடுத்து, ரிசல்ட்ஸ் பகுதியை மட்டும் படியுங்கள். வினை, அதன் வாலில் வரும் சொல், எண் மூன்றையும் சேர்த்து நோட்டில் எழுதுங்கள்: 'பீக்ட் அட் 42', 'அக்கவுன்டட் ஃபார் 18 பர்சன்ட்'.

'த்ரீ டைம்ஸ் மோர்' சரியா?

10க்கு மூன்று மடங்கு அதிகம் என்றால் 30 ஆ, 40 ஆ? தமிழிலும் இதே சண்டைதான். 'த்ரீ டைம்ஸ் அஸ் மெனி அஸ்' என்று எழுதினால் 30, யாரும் கேட்கமாட்டார்கள்.

நாலாம் அத்தியாயத்தை அனுப்பட்டுமா?

இப்போது வேண்டாம். முதலில் அதில் 'பர்சன்ட்' என்று தேடி, வருகிற இடமெல்லாம் பாயின்டா பர்சன்டா என்று பாருங்கள். அப்புறம் 'சிக்னிஃபிகன்ட்'. அதற்கும் பிறகு சந்தேகம் மிச்சமிருந்தால், அந்தப் பத்தியை மட்டும் அனுப்புங்கள்.