8 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கும் ட்ரைபாட் ஹெட், 1.5 கிலோ கேமராவுக்கே ஏன் தொங்குகிறது?

கேள்வி சுருக்கமாக இதுதான். பால் ஹெட்டின் (கேமராவைத் தாங்கும் பந்து ஒரு கூட்டுக்குள் எந்தப் பக்கமும் திரும்பும், குமிழைத் திருகினால் பூட்டிக்கொள்ளும் ட்ரைபாட் தலை) பெட்டியில் 8 கிலோ என்று இருக்கிறது. கேமராவும் மேக்ரோ லென்ஸும் (சின்னப் பொருள்களை மிக அருகில் எடுக்கும் லென்ஸ்) சேர்ந்து 1.5 கிலோவைத் தாண்டாது. ஆனாலும் கீழ்நோக்கிச் சாய்த்துப் பூட்டிவிட்டுக் கையை எடுத்தால் படம் நகர்ந்துவிடுகிறது. ஹெட் பழுதா, பெரியதாக வாங்க வேண்டுமா?

பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. எனக்கும் இதே எண், ஏறக்குறைய இதே எடை. ஒரு நாள் விடியற்காலையில் புல் நுனியில் இருந்த பனித்துளியை ஃபிரேமின் நடுவில் நிறுத்தி, குமிழை இறுக்கி, கையை எடுத்தேன். துளி மெல்ல மேலே ஏறிப் போனது. கேமரா இறங்கினால் திரையில் இருப்பது ஏறும், அவ்வளவுதான். அதற்கப்புறம் துளியைக் கொஞ்சம் கீழே வைத்துப் பூட்டி, அது தானாக நடுவுக்கு வரும்வரை காத்திருக்கப் பழகிக்கொண்டேன். இரண்டு வருடம் அப்படியே ஓட்டினேன். இதைத் திறமை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்!

சரி, அந்த 8 கிலோ எதைச் சொல்கிறது? எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட ஒரே சோதனை முறை என்று எதுவும் கிடையாது. ஒருவர் ஹெட்டை நேராக நிறுத்தி உச்சியில் எடை வைத்துப் பார்ப்பார், இன்னொருவர் சாய்த்து வைத்துப் பார்ப்பார். இரண்டும் பெட்டியில் ஒரே மாதிரி 'கிலோ' என்றுதான் அச்சாகும். அதனால் ஒரு நிறுவனத்தின் 8 கிலோவையும் இன்னொன்றின் 15 கிலோவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

நேராக நிற்கும் ஹெட்டுக்கு எடை பெரிய விஷயமே இல்லை. அது பந்தின் மையம் வழியாக நேரே கால்களுக்கு இறங்கிவிடும். சாய்த்தால்தான் சிக்கல். நிரம்பிய வாளியைக் கையைத் தொங்கவிட்டுத் தூக்கினால் சாவகாசமாக நடந்து போகலாம். அதே வாளியைக் கையை முன்னால் நீட்டிப் பிடித்தால் பத்து எண்ணுவதற்குள் தோள் கெஞ்சும். வாளியின் எடை மாறவில்லை, தோளிலிருந்து அது இருக்கும் தூரம்தான் மாறியது. எடையையும் அந்தக் கிடைமட்டத் தூரத்தையும் பெருக்கினால் வருவது முறுக்கு விசை. பால் ஹெட் எதிர்த்து நிற்க வேண்டியது இதைத்தான்.

உங்கள் கருவிக்கே தோராயமாகக் கணக்குப் போடலாம். கேமராவும் லென்ஸும் சேர்ந்த ஈர்ப்பு மையம், பந்தின் மையத்துக்கு 11 செ.மீ. மேலேயும், லென்ஸின் நீளத்தால் 4 செ.மீ. முன்னேயும் இருக்கிறது என்று வையுங்கள். கேமரா சமமாக நிற்கும்போது 1.5 கிலோவை 4 செ.மீ.யால் பெருக்கினால் 6 கிலோ-செ.மீ. அதையே 45 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்தால், அந்த மையம் பந்திலிருந்து கிட்டத்தட்ட 10.6 செ.மீ. முன்னே தள்ளிப் போய்விடும். இப்போது 16 கிலோ-செ.மீ. எடை அதேதான், ஹெட்டின் வேலை இரண்டரை மடங்குக்கு மேல். பெட்டியில் இந்த எண் எங்கேயும் இருக்காது.

வீடியோக்காரர்கள் இதில் கெட்டிக்காரர்கள். நல்ல ஃபுளூயிட் ஹெட்டின் (வீடியோவுக்காகக் கேமராவைச் சீராகத் திருப்ப உதவும் ஹெட்) விவரத்தில் எடையோடு ஈர்ப்பு மையத்தின் உயரத்தையும் சேர்த்தே போடுவார்கள். இத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் இத்தனை கிலோ என்று. புகைப்பட ஹெட்டுகளில் அந்த வழக்கம் அரிது. கருவியின் எடையைப் போல மூன்று நான்கு மடங்கு தாங்கும் ஹெட்டாக வாங்கு என்று ஒரு விதி சொல்வார்கள். உங்களிடம் இருப்பது ஐந்து மடங்குக்கு மேல். விதி என்ன ஆயிற்று என்று நீங்களே பார்த்துவிட்டீர்கள்.

கிலோவை விட நான் முதலில் பார்ப்பது பந்தின் விட்டத்தை. பந்தைப் பிடித்து நிறுத்துவது உராய்வு, அது வேலை செய்வது பந்தின் மேற்பரப்பில். அதே அழுத்தத்தில் இறுக்கினாலும் 30 மி.மீ. பந்தைவிட 45 மி.மீ. பந்து ஒன்றரை மடங்கு முறுக்கு விசையைத் தாங்கும். குமிழும் பெரிதாக, கைக்கு அடக்கமாக இருந்தால் முழு இறுக்கம் கொடுக்க முடியும். குளிரில் சின்னக் குமிழைத் திருகி விரல் நோகிறவர்களுக்கு இது புரியும்.

ஆனால் பணத்தைச் செலவழிக்கும் முன் ஒன்றைச் சோதியுங்கள். நான் செய்யாமல் விட்டது இது. பந்தின் கழுத்தடியிலிருந்து கூட்டின் மேல் வரும்படி ஒரு மெல்லிய பென்சில் கோடு போடுங்கள். கேமராவைச் சாய்த்துப் பூட்டி, லைவ் வியூவை (கேமராவின் திரையில் தெரியும் நேரடிக் காட்சி) 10 மடங்கு பெரிதாக்கி, ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு கையை எடுங்கள். படம் நகர்ந்து, கோடும் விலகியிருந்தால் பந்து வழுக்குகிறது, பெரிய ஹெட் தேவைதான். படம் நகர்ந்து, கோடு அப்படியே இருந்தால் வளைவது வேறு ஏதோ.

என் விஷயத்தில் இரண்டும் இருந்தது. 44 மி.மீ. பந்துள்ள ஹெட் வாங்கிய பிறகும் துளி கொஞ்சம் ஏறத்தான் செய்தது. கடைசியில் பார்த்தால் கேமராவின் அடியில் திருகி ஹெட்டில் மாட்டும் பிளேட். அதன் மேல் தடிமனான ரப்பர் ஒட்டியிருந்தது, கேமரா அதில் மெத்தையில் உட்காருவது போல உட்கார்ந்து அமுங்கிக்கொண்டிருந்தது. கேமராவின் விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் உதடு வைத்த உலோக பிளேட்டுக்கு மாறியதும் நின்றுவிட்டது. லென்ஸ் காலரின் (பெரிய லென்ஸைச் சுற்றிப் பிடித்து ட்ரைபாட்டில் மாட்ட உதவும் வளையம்) கால் மெல்லியதாக இருந்தாலும் இதே கதைதான். பெரிய லென்ஸில் இது இன்னும் கொடுமை. முழு ஃபிரேம் கேமராவில் 600 மி.மீ. லென்ஸ் மேலிருந்து கீழாகப் பார்ப்பதே 2.3 டிகிரிதான். பத்தில் ஒரு பங்கு டிகிரி இறங்கினாலும் படத்தின் உயரத்தில் 4 சதவீதம் போய்விடும்.

பெரிய லென்ஸ்காரர்களுக்கு நான் பால் ஹெட்டையே சொல்ல மாட்டேன். ஜிம்பல் ஹெட்டில் லென்ஸ் ஊஞ்சல் மாதிரி சமநிலையில் தொங்குகிறது. ஈர்ப்பு மையம் சுழலும் அச்சிலேயே இருப்பதால், உராய்வு பிடித்து நிறுத்த வேண்டியது ஏறக்குறைய எதுவும் இல்லை. நீங்கள் எடுப்பது மேக்ரோ என்பதால் பல்சக்கர ஹெட்டை ஒரு முறை கையில் எடுத்துப் பாருங்கள். குமிழைத் திருகினால்தான் நகரும். பூட்டி விடுவது என்ற வேலையே இல்லாததால், விட்ட இடத்தில் நிற்கும். கனம் அதிகம், நகர்த்தவும் நேரமாகும். ஆனால் புல் நுனிக்கு முன்னால் யாருக்கு அவசரம்? பால் ஹெட்தான் வேண்டும் என்றால் 40 மி.மீ.க்குக் குறையாத பந்து. செங்குத்துப் படங்கள் அதிகம் எடுத்தால் ஓர் எல் பிராக்கெட்டும் (கேமராவின் அடியிலும் பக்கத்திலும் பொருந்தும் L வடிவப் பிளேட்) சேர்த்து வாங்குங்கள். கேமராவைப் பக்கவாட்டில் தொங்கவிடாமல் பந்துக்கு நேர் மேலேயே நிறுத்தலாம். கால்கள் மெலிந்து, நடுத்தண்டை முழுக்க உயர்த்தியிருந்தால் எந்த ஹெட்டும் காப்பாற்றாது.

வாங்கும்வரை சமாளிக்க, பழைய ஹெட்டின் பந்தைச் சுத்தமான, உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். தூசியும் கைப் பிசுக்கும் சேர்ந்தாலே பிடி குறையும். இழுவையாக இருக்கிறதே என்று எண்ணெய் மட்டும் விட்டுவிடாதீர்கள், உராய்வில் நிற்கிற சாமான் அது.