தினமும் வேலைக்குப் போகிறவர் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள எந்த மல்டிடூல் வாங்கலாம்?

பாலக்கோடு, ராயக்கோட்டை பக்கம் சொட்டுநீர்க் குழாய் போடுவதும் மோட்டார் ஸ்டார்ட்டர் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. டூல் பை வண்டியில் இருக்கும், வண்டி ரோட்டோரம் இருக்கும், நான் தக்காளிக் காட்டுக்கு நடுவில் நிற்பேன். அந்த நடையை மிச்சப்படுத்தத்தான் மல்டிடூல், அதாவது பிளேயர், கத்தி, ஸ்க்ரூடிரைவர் எல்லாம் ஒன்றுக்குள் மடங்கியிருக்கும் கருவி. டூல் பையையே வீட்டில் போட்டுவிட்டு இதை மட்டும் எடுத்துப் போகலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

முதலில் என் முட்டாள்தனம். சந்தையில் "இருபத்தோரு ஐட்டம் சார்" என்று ஒருவர் கூவ, ஐந்நூறு ரூபாய் கொடுத்து வாங்கினேன். மீன் செதில் சுரண்டக்கூட ஒன்று இருந்தது, விரித்தது மடங்காமல் பிடித்துக்கொள்ளும் லாக் மட்டும் இல்லை. ஒருநாள் ஃபில்டர் பக்கத்தில் ஹோஸ் கிளிப் ஸ்க்ரூவை அழுத்தித் திருப்பும்போது ஸ்க்ரூடிரைவர் சடக்கென்று மடங்கி, ஆள்காட்டி விரலைக் கைப்பிடியோடு சேர்த்துக் கவ்விக்கொண்டது. இன்னொரு கையில் குழாய், விட்டால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். தோட்டத்துக்கார அம்மா ஓடிவந்து பிரித்துவிட்டு, "ஏஞ்சாமி, இதுக்குப் போயா காசு குடுத்த?" என்றார்.

அதிலிருந்து எதைக் கையில் எடுத்தாலும் முதலில் லாக்கைத்தான் பார்ப்பேன். கத்திக்கு மட்டும் இருந்தால் போதாது, ஸ்க்ரூடிரைவருக்கும் வேண்டும். அப்புறம், பிளேயரை விரிக்காமலே ஒரு கையால் கத்தியைத் திறக்க முடிகிறதா என்று பாருங்கள், ஏனென்றால் வேலை நேரத்தில் நம் இன்னொரு கை எதையாவது பிடித்துக்கொண்டுதான் இருக்கும்.

இப்போது என்னிடம் இருப்பது லெதர்மேன் வேவ் பிளஸ். பத்தாயிரத்துக்கு மேல் ஆகும், வீட்டில் திட்டு வாங்கினேன், சரி. இரண்டு கத்திகளும் வெளிப்பக்கத்திலேயே இருக்கின்றன: வழவழப்பானது 16 எம்எம் லேட்டரலை (சொட்டுநீர்ப் பக்கக் குழாயை) நேராக அறுக்கும், பல் வைத்தது கயிற்றுக்கும் சாக்குக்கும். ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது கம்பி வெட்டும் இடம். தக்காளிக்குக் குச்சி நட்டுக் கட்டும் கம்பியை வெட்டி வெட்டி அந்த வாய் பொக்கையாகிவிட்டால், இதில் அந்தத் துண்டை மட்டும் கழற்றி வேறு மாட்டலாம். அந்த வசதி இல்லாததில் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

குறையும் உண்டு. ஸ்க்ரூடிரைவர் முனையாக மாட்டும் பிட் குட்டை, அதைப் பிடிக்கும் தலை தடிமன். ஸ்டார்ட்டரில் உள்ளே ஆழமாக இருக்கும் டெர்மினல் ஸ்க்ரூவுக்கு எட்டாது. எட்டாதது நல்லதுதான் என்றும் சொல்வேன்: கைப்பிடி முழுக்கவும் வெறும் இரும்பு, த்ரீ ஃபேஸ் 415 வோல்ட். ஃபியூஸைப் பிடுங்கி, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகும் அந்த வேலைக்கு நான் உறை போட்ட நீள ஸ்க்ரூடிரைவரைத்தான் எடுப்பேன்.

எடை 241 கிராம். பேன்ட் பாக்கெட்டில் போட்டால் தொடையில் இடித்துக்கொண்டே இருக்கும், பெல்ட் பவுச்தான் சரி. ஓசூர் சிப்காட் மாதிரி இடத்தில் வேலை, நாளைக்கு நாலு ஸ்க்ரூ, இரண்டு அட்டைப்பெட்டி என்றால் இவ்வளவு தேவையே இல்லை, அதே கம்பெனியின் ஸ்கெலிடூல் 142 கிராம்தான். கத்தரிக்கோல் இருக்காது, பரவாயில்லையா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள். பணம் இடிக்கிறதென்றால் கத்தரிக்கோல் வைத்த ஒரு விக்டோரினாக்ஸ் மடக்குக் கத்தி, வண்டி கவரில் நல்ல கட்டிங் பிளேயர் ஒன்று. ஐந்நூறு ரூபாய் மல்டிடூலைவிட இந்த ஜோடி நூறு மடங்கு மேல். ஆனால் பிளேயர் பாக்கெட்டில் இல்லாத குறை இருக்கத்தான் செய்யும். லெதர்மேன் கம்பெனியைத் தொடங்கிய டிம் லெதர்மேனே 1975இல் ஒரு ஓட்டைக் காரில் ஐரோப்பா சுற்றும்போது, கையில் மடக்குக் கத்தி இருந்தும் பிளேயர் இல்லாமல் திண்டாடித்தான் இதை யோசித்தாராம். கடைக்கு வர 1983 ஆகிவிட்டது.

மாங்காய் சீசனில் பால் பட்டாலும், உரத் தண்ணீர் பட்டாலும் அன்றைக்கே கழுவி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். ஸ்டெயின்லெஸ் என்று அசட்டையாக விட்டு என்னுடையதில் இரண்டு புள்ளி துரு ஏறியது. அப்புறம், இங்கிருந்து பெங்களூர் போய் விமானம் ஏறுகிறவர் என்றால் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் பெட்டியில் போடுங்கள். இல்லையென்றால் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள்.