பகவதஜ்ஜுகம்: அழைப்பிதழில் யார் பெயர்?

கேள்வி: திருகோணமலை உவர்மலையில் எங்கள் நாடகக் குழு பகவதஜ்ஜுகம் என்ற பழைய வடமொழி நகைச்சுவை நாடகத்தைத் தமிழில் மேடையேற்றவிருக்கிறது. எழுதியவர் பல்லவ அரசன் மகேந்திரவர்மன் என்கிறார் ஒருவர். போதாயனர் என்கிறார் இன்னொருவர். அழைப்பிதழ் அச்சுக்குப் போகவேண்டும். யார் பெயரைப் போடுவது?

பதில்: மகேந்திரவர்மன் பெயரைத் தனியாகப் போட்டுவிடாதீர்கள்.

அவனுடைய இன்னொரு நகைச்சுவை நாடகமான மத்தவிலாசத்தில் இந்தச் சிக்கல் இல்லை. நாடகத் தொடக்கத்திலேயே சூத்திரதாரன், அதாவது நாடகத்தை அறிமுகம் செய்பவன், வந்து, சிம்மவிஷ்ணுவின் மகன் மகேந்திரவிக்கிரமவர்மன் இயற்றியது என்று சொல்லிவிடுகிறான். மத்தவிலாசன் என்பதே அந்த அரசனின் விருதுப்பெயர்களில் ஒன்று. பகவதஜ்ஜுகத்தின் சூத்திரதாரனோ ஆசிரியர் பெயரைச் சொல்வதே இல்லை. போதாயன கவி என்ற பெயர் அந்த நாடகத்துக்கு எழுந்த உரையிலிருந்து நமக்குக் கிடைக்கிறது.

பல்லவ அரசன் இங்கே வந்து சேர்வது ஒரு கல்வெட்டால். காஞ்சிபுரத்துக்கு அருகே மாமண்டூர்க் குடைவரையில் உள்ள வடமொழிக் கல்வெட்டில் மத்தவிலாசம், பகவதஜ்ஜுகம் என்ற இரு பெயர்களும் வருகின்றன. ஆனால் எழுத்துகள் சிதைந்திருக்கின்றன. இரண்டையும் அரசனே இயற்றினான் என்கிறதா, அவன் காலத்தில் புகழ்பெற்றிருந்தவை என்கிறதா என்பதை எஞ்சிய சொற்களை வைத்து முடிவுகட்ட முடியாது.

நாடகங்களின் குணம் ஒன்றாக இருப்பதும் உண்மைதான். மத்தவிலாசத்தில் பிச்சைப் பாத்திரமான கபாலத்தைத் தொலைத்த காபாலிகன் என்ற சைவத் துறவி, அதைத் திருடியதாகப் பௌத்தத் துறவியைப் பிடித்துக்கொள்கிறான். பகவதஜ்ஜுகத்தில் துறவி ஒருவரின் சீடனான சாண்டில்யன் சோற்றுக்காகவே பௌத்த மடத்தில் சேர்ந்து, அங்கே ஒருவேளைதான் சாப்பாடு என்றதும் விலகி வந்தவன். யமதூதன் ஆள் தெரியாமல் ஒரு கணிகையின் உயிரைக் கொண்டுபோக, சாண்டில்யனின் குரு அவளுடைய உடலில் புகுந்துகொள்வதும், திரும்பிவந்த தூதன் அவளுடைய உயிரைக் குருவின் உடலில் இடுவதும் எத்தனை துணிச்சலான கற்பனை! மகேந்திரவர்மன் எழுதியிருக்கலாம் என்று எனக்கும் ஆசை உண்டு. திருஞானசம்பந்தர் உங்கள் கோணமாமலையைப் பாடிய அதே 7ஆம் நூற்றாண்டில் ஆண்டவன் அவன். உங்கள் ஊர் மேடைக்கு அந்த உறவு இனிக்கும். ஆயினும் குணம் ஒத்திருப்பதால் மட்டும் கை ஒன்றாகிவிடாது. ஒரு காலத்தின் நகைச்சுவையைப் பலர் எழுதியிருக்க முடியும்.

ஆகவே இப்படி அச்சிடுங்கள்: 'மூலம்: போதாயன கவி இயற்றியதாக மரபு, மகேந்திரவர்மன் இயற்றியதாகவும் கருதுவர்.' 'கவி' என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். போதாயனர் என்று மட்டும் போட்டால் வேதச் சடங்குகளையும் அறநெறிகளையும் வகுத்த சூத்திர நூல்களின் போதாயனர் என்று எண்ணிவிடுவார்கள். இடமில்லையென்றால் 'பண்டைய வடமொழி அங்கதம்' என்றாலே போதும், அது பொய்யாகாது.

மூல நாடகத்துக்கு யாரிடமும் அனுமதி தேவையில்லை. உங்கள் கையிலிருக்கும் தமிழ்ப் பிரதி அப்படியல்ல. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, மொழிபெயர்ப்பும் தனிப் படைப்பாகப் பாதுகாக்கப்படுகிறது. மொழிபெயர்த்தவரின் வாழ்நாளும் அதன்பின் 70 ஆண்டுகளும் உரிமை நிற்கும். ஆங்கில மொழிபெயர்ப்பொன்றிலிருந்து நீங்களே தமிழாக்கினாலும் இதே விதிதான். எழுத்தில் அனுமதி வாங்குங்கள். மொழிபெயர்ப்பாளர் பெயரையும் மூல ஆசிரியர் வரிக்குக் கீழே அதே அளவு எழுத்தில் போடுங்கள். பார்வையாளர் சிரிக்கப்போவது அவருடைய சொற்களைக் கேட்டுத்தான்.