மங்குக்கு க்ரீம் வாங்குகிறீர்களா? முதலில் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 38 வயது. இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்துவிட்டது. ஜாதிக்காயைப் பாலில் இழைத்துப் போட்டுப் பார்த்தேன், எரிச்சல்தான் மிச்சம். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஒரு க்ரீம் வாங்கினேன், ஒரே மாதத்தில் முகம் பளிச்சென்று ஆனது. ஆனால் நிறுத்தினால் பத்தே நாளில் முன்னைவிடக் கருப்பாகத் திரும்பி வருகிறது, வெயிலில் போனால் முகம் சிவந்து எரிகிறது. எட்டு மாதமாக அதையேதான் வாங்கிப் போடுகிறேன். வேறு நல்ல க்ரீம் எது? – ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: வேறு க்ரீமைப் பற்றி அப்புறம் பேசுவோம், முதலில் கையில் இருக்கும் ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். எழுத்து எறும்பு மாதிரிதான் இருக்கும், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் என்று மூன்று பெயர்கள் வரிசையாக இருக்கிறதா? நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மூன்றாவது பெயர் ஸ்டீராய்டு. ஒரே மாதத்தில் பளிச்சென்று ஆனதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, இப்போது முகம் எரிவதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். மாதக்கணக்கில் போட்டால் முகத்துத் தோல் மெலிந்துபோகும், சிவப்பு நரம்புகள் தெரியும், பரு கிளம்பும், சிலருக்கு முடிகூட வளரும். ஹைட்ரோகுவினோனை வருடக்கணக்கில் போட்டவர்களுக்கு நீலம் கலந்த கருமை படிந்துவிடுவதும் உண்டு, அது லேசில் போகாது.

இந்தக் கலவை கெட்ட மருந்து என்று நான் சொல்லவில்லை. மங்குக்கு மருத்துவர்களே எழுதித் தருவதுதான், ஆனால் சில வாரங்களுக்கு, பெரும்பாலும் 8 வாரம் வரை, கண்காணிப்போடு. ட்யூபில் ஆர்எக்ஸ் என்ற குறியும், மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டும் என்ற எச்சரிக்கையும் அச்சடித்திருப்பார்கள். 2018-இல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு களிம்புகளை, சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டிய ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்ததே, சீட்டு இல்லாமல் கடையில் கேட்டு வாங்குவதைத் தடுக்கத்தான். சீட்டு இல்லாமல் உங்களுக்கு எட்டு மாதம் விற்றது கடைக்காரரின் தவறு. பில் இருந்தால் மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் புகார் செய்யலாம், 1915 என்ற நுகர்வோர் எண்ணிலும் சொல்லலாம். பில் இல்லையா? இனி ஐம்பது ரூபாய் மருந்துக்கும் பில் கேட்டு வாங்குங்கள்.

இப்போது செய்ய வேண்டியது: அந்த ட்யூபையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் முகம் தீயாக எரியும், பயந்துபோய் மறுபடி அதையே எடுப்பீர்கள், பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். மறுபடி கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், ட்ரெட்டினாயின் அப்போது கூடாது.

சரி, காசை எதில் போடலாம்? முதலில் சன்ஸ்கிரீனில். எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாமல், அதிலும் தோல் நிறத்தில் வரும் வகையாக, அயர்ன் ஆக்ஸைடு சேர்ந்ததாகப் பாருங்கள், ஏனென்றால் மங்கைக் கருக்க வைப்பது புற ஊதாக்கதிர் மட்டுமில்லை, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும்தான், சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாகப் பிதுக்கினால் வருகிற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும், பட்டாணி அளவு தொட்டு வைத்தால் பிரயோஜனம் இல்லை. வெளியில் இருந்தால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும். அடுத்து, அசெலாயிக் ஆசிட் களிம்பு உங்களுக்கு ஒத்துவருமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மெதுவாகத்தான் வேலை செய்யும், மூன்று நான்கு மாதம் பொறுக்க வேண்டும், ஆனால் அதில் ஸ்டீராய்டு இல்லை. ஜாதிக்காய், எலுமிச்சை எல்லாம் வேண்டாம், தேய்த்துத் தேய்த்துப் புண்ணான இடம் நம் நிறத்துத் தோலில் இன்னும் கருத்துத்தான் ஆறும்.

கேள்வி: வெளிநாட்டு க்ரீம் என்று ஆன்லைனில் ஒன்று வருகிறது, ஏழே நாளில் கரும்புள்ளி போகும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண், இறக்குமதிப் பதிவு எண், என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல், இதில் ஒன்று இல்லாவிட்டாலும் தொடாதீர்கள். இப்படிப்பட்டவற்றில் பாதரசம் கலந்திருக்கலாம். 2023-இல் கேரளாவின் மலப்புறத்தில் சிறுநீரகம் பாதித்து வந்த நோயாளிகளை விசாரித்தபோது, பலர் இந்த மாதிரி வெள்ளையாக்கும் க்ரீம் போட்டவர்கள் என்று தெரியவந்தது. ஏற்கெனவே போட்டுக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, கால் வீக்கமோ நுரைத்த சிறுநீரோ இருக்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் அந்த டப்பாவோடு மருத்துவமனைக்குப் போங்கள்.