ஹைவேயில் ஆடும் ஜீப்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த வாரம் எல்லாமே ஜீப் கடிதங்கள். உயரம் ஏற்றி, பெரிய டயர் போட்டு, அப்புறம் ஹைவேயில் ஓட்டப் பயந்துபோனவர்கள் எழுதியவை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2023 மாருதி ஜிம்னி வைத்திருக்கிறேன். வண்டியை உயர்த்தும் 2 இன்ச் லிஃப்ட் கிட்டும் 235/75 ஆர்15 டயரும் போட்டேன். மலை ரோட்டில் அருமையாகப் போகிறது. சேலம் ஹைவேயில் 80-ஐத் தாண்டினால் நேராகப் போக மாட்டேன் என்கிறது. ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. கிட் மாட்டிய கடைக்காரர், ‘ஹெவி டியூட்டி டேம்பர் ஒன்று போட்டால் சரியாகிவிடும்’ என்கிறார். வாங்கலாமா? (கோவை)

பதில்: வாங்காதீர்கள். உங்கள் வண்டியில் கம்பெனியே ஒரு ஸ்டீயரிங் டேம்பர் போட்டுத்தான் தந்திருக்கிறது. டேம்பர் உதறலை அமுக்கும், அவ்வளவுதான். நேராகப் போகாத வண்டியை நேராக்காது. உங்கள் வண்டி உதறவில்லை, அலைகிறது. இரண்டும் வேறு வேறு நோய்.

சைக்கிளைக் கையை விட்டும் ஓட்ட முடிவதற்கு முன் ஃபோர்க் சாய்ந்திருப்பதும் ஒரு காரணம். காரிலும் முன்சக்கரம் திரும்பும் அச்சு, மேல்பக்கம் பின்னால் சாய்ந்திருக்கும். அதற்குப் பெயர் காஸ்டர். ஸ்டீயரிங்கை விட்டால் தானாக நடுவுக்கு வருவது பெரும்பாலும் இந்தச் சாய்வினால்தான். ஜிம்னியின் முன் ஆக்ஸில் ஒரே துண்டு. அதைப் பிடித்திருக்கும் இரண்டு கைகளும் பின்னால் போய் சேசிஸில் சேர்கின்றன. ஸ்பிரிங்கை மாற்றி உடலை உயர்த்தினால் அந்தக் கைகள் சாய்ந்து, ஆக்ஸில் மொத்தமும் கொஞ்சம் முன்னால் உருளும். காஸ்டர் குறைந்துவிடும். வளைவில் திருப்பிவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் ஸ்டீயரிங் சோம்பலாகத் திரும்புகிறதா? அப்படியானால் இதுதான் காரணம்.

குறைந்த காஸ்டரைத் திரும்பக் கொண்டுவர, அந்தக் கைகளின் மூட்டில் போடும், துளை நடுவில் இல்லாத ஆஃப்செட் புஷ்கள் கிடைக்கின்றன. கூடவே, ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் லேட்டரல் ராடையும் பாருங்கள். உயரம் ஏறினால் அது ஆக்ஸிலை ஒரு பக்கமாக இழுக்கும். நீளத்தை மாற்றக்கூடிய ராட் போட்டால்தான் ஆக்ஸில் நடுவுக்கு வரும்.

நான் பல வருடமாகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்த விஷயம் ஒன்று உண்டு. நான்கு ஸ்பிரிங், நான்கு ஷாக் அப்சார்பர், ஒரு ஸ்டிக்கர் என்று அட்டைப்பெட்டியில் போட்டு அதை ‘கிட்’ என்று விற்கிறார்கள். திருத்தும் புஷ், லேட்டரல் ராட், பிரேக் ஹோஸுக்கான நீட்டிப்பு எதுவும் பெட்டியில் இல்லை. வண்டி அலைய ஆரம்பித்ததும் அதே கடைக்காரர் ஒவ்வொரு சாமானாகத் தனித்தனி பில்லில் விற்கிறார். சில இடங்களில் பில்லும் கிடையாது. உயரம் ஏற்றினால் எது எதெல்லாம் மாறும் என்பது விற்பவருக்குத் தெரியும். தெரிந்தே சொல்லாமல் விடுவது வியாபாரம் அல்ல, ஏமாற்று. தெரியாமல் விற்கிறார் என்றால் அவரிடம் வண்டியைக் கொடுக்கவே கூடாது. கிட் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, ‘மாட்டிய பிறகு காஸ்டர் எவ்வளவு வரும்? அதைப் பேப்பரில் காட்டுவீர்களா?’ என்பதுதான். முகத்தைச் சுளித்தால் வெளியே வந்துவிடுங்கள்.

வீல் அலைன்மென்ட் கடையில் டோவை, அதாவது சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவை, மட்டும் சரிசெய்துவிட்டு ‘ஓகே சார்’ என்பார்கள். அச்சடித்த தாளைக் கேட்டு வாங்கி, காஸ்டர் என்ற வரியைப் பாருங்கள். பழைய டயர்கள் வீட்டில் இருந்தால், பணம் செலவழிக்கும் முன் அவற்றை மாட்டி அதே ரோட்டில் ஓட்டிப் பாருங்கள். அலைச்சல் கணிசமாகக் குறைந்தால் புது டயருக்கும் பங்கு உண்டு. அந்த டயர் உங்கள் பழையதைவிட 40 மில்லிமீட்டர் உயரம், ஏறக்குறைய 6 சதவீதம். ஸ்பீடோமீட்டர் கணக்கும் அதே அளவு மாறியிருக்கும். மீட்டரில் அதே எண் தெரிந்தாலும் முன்பைவிடக் கொஞ்சம் வேகமாகத்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள்.

கேள்வி: பெட்ரோல் பங்க்கில் நான்கு டயருக்கும் 40 பிடிக்கச் சொன்னேன், மைலேஜ் கிடைக்கும் என்று. வண்டி குதிக்கிறது, அலைகிறது. சஸ்பென்ஷன் மாற்ற வேண்டுமா? (திண்டுக்கல்)

பதில்: டிரைவர் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது. டயர் சூடாகாதபோது அந்த அளவுக்குக் குறையுங்கள். அப்புறமும் குதித்தால் எழுதுங்கள்.

கேள்வி: பழைய மேஜர் ஜீப் ஒன்றை, டயர் பெரிதாக்கி உயரம் ஏற்றியதை, செகண்ட் ஹேண்ட் டீலரிடம் வாங்கினேன். ஓட்டிப் பார்த்தபோது நன்றாக இருந்தது. இப்போது 60-இல் பாலத்து ஜாயிண்ட் ஏறினால் முன்பக்கமே உதறுகிறது. கிட்டத்தட்ட நிறுத்தினால்தான் அடங்குகிறது. மெக்கானிக், ‘புது டேம்பர் போட்டு மறைத்திருக்கிறார்கள்’ என்கிறார். டீலர், ‘பழைய வண்டி அப்படித்தான்’ என்கிறார். மனைவி இதில் ஏறவே மாட்டேன் என்கிறாள். (மதுரை)

பதில்: உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. இதே வித்தை எனக்கும் நடந்திருக்கிறது. நான் வாங்கிய பழைய ஜீப்பில் அடிப்பக்கம் முழுக்கச் சேறு காய்ந்து கிடக்க, டேம்பர் மட்டும் மஞ்சள் பெயின்ட் மின்ன மின்ன இருந்தது. விற்றவர், ‘உங்களுக்காகவே புதுசு போட்டேன்’ என்றார். சில மாதத்தில் டேம்பர் தளர்ந்தது, உதறல் வெளியே வந்தது. முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பேரிங் இரண்டும் தேய்ந்து போயிருந்தன. பழைய ஜீப்பில் புது டேம்பர் மட்டும் பளபளத்தால், அது எதை மூடி வைத்திருக்கிறது என்று தேடுவதுதான் முறை.

முதலில் பாதுகாப்பு. உதறல் தொடங்கினால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆக்ஸிலேட்டரை விட்டு, ஸ்டீயரிங்கை உறுதியாகப் பிடித்து, வேகம் தானாகக் குறைந்ததும் ஓரம் கட்டுங்கள். சரிசெய்யும் வரை குடும்பத்தோடு எங்கும் போக வேண்டாம்.

அடுத்தது சோதனை. முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டச் சொல்லுங்கள். ‘டக் டக்’ என்று பிளே (தளர்வு) இருந்தால், ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ள மறுபடி ஆட்ட வேண்டும். பிரேக் மிதித்ததும் பிளே மறைந்தால் வீல் பேரிங். மறையாவிட்டால் கிங்பின். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சின்னதாக அசைக்க, மெக்கானிக் கீழே படுத்து ஸ்டீயரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் ஒவ்வொரு டை ராட் எண்டின் (மூட்டின்) மேலும் விரலை வைத்துப் பார்க்கட்டும். ஒரு பக்கம் அசைந்து மறுபக்கம் தாமதமாக அசைந்தால் அந்த ஜாயிண்ட் போய்விட்டது. ஸ்பிரிங் பட்டை சேரும் இடத்துப் புஷ்களும் அப்படியே. டயர் பேலன்சிங் கடைசியில். பேலன்ஸ் கெட்ட டயர் உதறலைத் தொடங்கிவைக்கும். அதை வளரவிடுவது தேய்ந்த ஜாயிண்ட்.

ஸ்டீயரிங் பாக்ஸ் மேலிருக்கும் ஸ்க்ரூவை யாராவது இறுக்கப் போனால் தடுத்துவிடுங்கள். அளவு தெரியாமல் இறுக்கினால் ஸ்டீயரிங் நடுவில் பிடித்துக்கொள்ளும், பாக்ஸும் சீக்கிரம் தேயும்.

பழுதைச் சரிசெய்வதற்கு முன் போட்டோ எடுங்கள். தேய்ந்த பாகங்களைப் பட்டியலிட்டு மெக்கானிக்கிடம் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள். கழற்றிய சாமானைத் தூக்கிப் போடாதீர்கள். டீலருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதன் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. டீலர் வியாபாரி என்பதால் இந்த வழி உங்களுக்கு உண்டு. தெருக்கோடி வீட்டுக்காரர் தன் சொந்த வண்டியை விற்றிருந்தால் நுகர்வோர் சட்டத்தில் பிடிப்பது கஷ்டம்.

கேள்வி: சக்கரம் வெளியே தள்ளி இருந்தால் பார்க்க நன்றாக இருக்கும் என்று சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவில் வைக்கும் ஸ்பேசரை, ஆன்லைனில் பெயர் தெரியாத கம்பெனியுடையதை வாங்கி நானே மாட்டினேன். 90-இல் அதிர்கிறது. அலைன்மென்ட் செய்தால் போகுமா? (திருப்பூர்)

பதில்: போகாது. இன்றைக்கே கழற்றுங்கள்.

கேள்வி: நான்கு மட் டெரெய்ன் டயர் பில் இல்லாமல் வாங்கினேன், கொஞ்சம் குறைத்துத் தந்தார்கள். இரண்டு டயர் நெளிந்து சுற்றுகிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று போர்டைக் காட்டுகிறார்கள். (திருச்சி)

பதில்: அந்தப் போர்டுக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிக்காவிட்டால் 30 நாள் கணக்கு. பில் தராததும் அதே சட்டப்படி தவறுதான். ஆனால் வாங்கியதற்குச் சாட்சி வேண்டும். ஜிபே, வாட்ஸ்அப் பேச்சு எது இருந்தாலும் இப்போதே பத்திரப்படுத்துங்கள். டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. பழைய சரக்கைப் புதுசு என்று தள்ளியிருக்கிறார்களா என்று பாருங்கள். சில நூறு ரூபாய்க்காகப் பில்லை விட்டுக்கொடுப்பவர்கள் மேல் எனக்குப் பொறுமை குறைந்துகொண்டே வருகிறது.

கேள்வி: மஹிந்திரா தார் வண்டி, புது டயர். அலைன்மென்ட் மூன்று கடையில் பார்த்தாயிற்று. கம்ப்யூட்டர் பச்சை காட்டுகிறது, வண்டி இடது பக்கம் இழுக்கிறது. (வேலூர்)

பதில்: நம் ரோடே தண்ணீர் வடிய இடப்பக்கம் சரிவாகத்தான் போட்டிருக்கும். அதனால் முதலில் ஆளில்லாத சமதளத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கும் இழுத்தால் முன்டயர் இரண்டையும் இடம் வலம் மாற்றுங்கள். அம்புக்குறி போட்ட டயராக இருந்தால் இப்படி மாற்றக் கூடாது, பின்டயரோடு மாற்றுங்கள். இழுப்பு பக்கம் மாறினாலோ மறைந்தாலோ டயர்தான் குற்றவாளி, கடைக்காரர் மாற்றித் தர வேண்டும். மாறாவிட்டால் கொஞ்ச தூரம் பிரேக் தொடாமல் ஓட்டி நிறுத்தி, முன்சக்கரங்களின் அருகில் கையைக் கொண்டுபோங்கள். இடப்பக்கம் மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

கேள்வி: லிஃப்ட் கிட், பெரிய டயர் இதெல்லாம் சட்டப்படி சரியா? (சென்னை)

பதில்: பெரும்பாலும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம், 6 மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. இன்சூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் மாற்றினால் க்ளெய்மின்போது அதையே காரணம் காட்டுவார்கள். கிட் விற்கும் கடைகள் இதை வாயைத் திறந்து சொல்வதில்லை. கழற்றிய ஒரிஜினல் பாகங்களை விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: ஆடி மாதக் காற்றில் ஆரல்வாய்மொழி தாண்டும்போது வண்டி பக்கத்து லேனுக்கே போய்விடுகிறது. 3 இன்ச் லிஃப்ட், மேலே கேரியர், அதன் மேல் டென்ட், ஜெர்ரி கேன். எந்த ஷாக் அப்சார்பர் நல்லது? (நாகர்கோவில்)

பதில்: காற்றாலைகள் வரிசையாக நிற்கும் கணவாயில் அவ்வளவு உயரத்தில் அவ்வளவு எடையைச் சுமந்து போகிறீர்கள். எந்த ஷாக் அப்சார்பரும் அதைத் தாங்காது. டென்ட்டையும் கேனையும் இறக்கி வண்டிக்குள் வையுங்கள், கேரியரைக் கழற்றுங்கள், அந்தப் பகுதியில் 60-ஐத் தாண்டாதீர்கள். அப்படியும் தள்ளினால் கோவைக்காரருக்குச் சொன்ன காஸ்டரைப் பாருங்கள்.